கீழ்த்தாடையின் நான்காவது பல்

என் தையல் பெட்டியின் அடியில், பழைய பட்டன்களுக்கும் நூற்கண்டுகளுக்கும் கீழே, ஒரு காடாத் துணி நாலாக மடிந்து கிடக்கிறது. விரித்தால் ஒரு மேசை விரிப்பில் பாதி அளவு இருக்கும். நடுவில் கரும்பச்சை நூலால் தைத்த ஒரு பெரிய தலை. அகன்ற மூக்கு, மேடான கண், வாயை மூடிக்கொண்டு பக்கவாட்டில் கிடக்கிற தலை. சங்கிலித் தையல் ஒரு கண்ணிகூடப் பிசகாமல் ஓடியிருக்கிறது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. முப்பத்தாறு வருஷம் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனால் அந்தத் தலையின் மேல்தாடை ஓரத்தில், பச்சைக்கு மேலே, கெட்டி வெள்ளை நூலால் ஒரு பல் இருக்கிறது. கோணல் பல். இழுத்துத் தைத்ததில் துணி சுருங்கிப்போயிருக்கிறது. பின்பக்கம் திருப்பினால் முடிச்சு ஒரு மிளகு அளவுக்கு நிற்கும். என்னிடம் படித்த எந்தப் பிள்ளையாவது இப்படித் தைத்துக்கொண்டு வந்திருந்தால் பிரித்துவிட்டு மறுபடி தை என்று திருப்பி அனுப்பியிருப்பேன். அந்தப் பல்லைத் தைத்தது சயன்ஸ் டீச்சர்.

சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. குழித்துறைக்கு மேலே ஆற்றங்கரையில் இருந்த ஒரு பெண்கள் பள்ளியில் நான் தையல் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். ஓட்டுக் கட்டடம், ஆறு அறை, பின்னால் புளியமரம், அதைத் தாண்டினால் கடவு, ஆற்றைக் கடக்கிற துறை. பள்ளியில் படித்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் அக்கரைக்காரர்கள். ஐப்பசி மழை வடிந்த பிறகு கடவில் முழங்கால் வெள்ளந்தான், அதாவது முழங்கால் தண்ணீர்தான், ஓடும். பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, புத்தகப் பையைத் தலையில் வைத்து, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்தபடி நடந்து வருவார்கள். அந்த வருஷந்தான் எங்களுக்கு மூன்றாம் பாரம், அதாவது இன்றைய எட்டாம் வகுப்பு, புதிதாகக் கிடைத்திருந்தது. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. மாசி மாதம் இன்ஸ்பெக்டர் வரும்போது பெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருஷம் வகுப்பு கிடையாது. வகுப்பு போனால் அந்தப் பிள்ளைகளுக்கு அத்தோடு படிப்பு முடிந்தது. ஆண்பிள்ளைகள் பள்ளிக்கு அனுப்ப அக்கரையில் ஒரு வீட்டிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வயசுக்கு வந்த பெண்ணை ஆறு தாண்டி அனுப்புவதே பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

சயன்ஸ் டீச்சர் வந்ததே மூன்றாம் பாரத்துக்காகத்தான். தற்காலிக வேலை. கிழக்கே நாஞ்சில் நாட்டு வயல் ஊர் ஒன்றில் சைவ விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் இன்டர்மீடியட் வரை படித்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயசு மூத்தவராக இருக்கலாம். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒல்லியான உடம்பு, பெரிய குடை, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வேகமாக நடக்கும் நடை. சிரிப்பு குறைவு. எதையும் கண்ணால் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒருநாள் மத்தியானம் என் சோற்றுப் பாத்திரத்தில் இருந்தது நெய்மீன் என்று நான் சொன்னதற்கு, முள்ளை எடுத்துப் பார்த்துவிட்டு இல்லை என்றார். மீனே தொடாத சைவக்காரி எனக்கு மீன் சொல்லித்தருகிறாளே என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வீட்டில் போய் அம்மாவிடம் கேட்டேன். சயன்ஸ் டீச்சர் சொன்னதுதான் சரி.

அந்த வருஷம் ஐப்பசியில் ஆறு பொங்கி வடிந்தபோது, கடவுக்கு மேலே இருந்த கயத்தில், அதாவது ஆள் நிலைக்காத ஆழத்தில், ஒரு முதலை வந்து தங்கிவிட்டது. முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு தை மாதக் கடைசியில் கயத்தை ஒட்டின மணல் திட்டு வெளியே தெரிந்ததும் அது அங்கே ஏறி வெயில் காய ஆரம்பித்தது. எட்டு அடிக்குக் குறையாது. பார்த்தவர்கள் எல்லாரும் முதலை என்றார்கள். மறுநாளே அக்கரைப் பிள்ளைகள் வரவில்லை. மூன்றாம் பாரத்தில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாரம் இப்படியே போனது.

எங்கள் ஹெட்மாஸ்டரை எல்லாரும் பெரிய சார் என்போம். நல்ல மனிதர். அந்த வகுப்பைக் கொண்டுவர அவர் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. அவரிடம் தடிமனான ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அதில் ஒரு பக்கத்தில் இரண்டு தலைகளை அடுத்தடுத்து வரைந்திருந்தார்கள். ஒன்று கூர்மூக்கு, அது முதலை. இன்னொன்று அகல மூக்கு, அது அலிகேட்டர். அலிகேட்டர் கூச்ச சுபாவம் உள்ளது, தொந்தரவு செய்யாத மனிதனை அது பெரும்பாலும் தாக்குவதில்லை என்று கீழே எழுதியிருந்தது. பெரிய சாரிடம் பட்டாளத்திலிருந்து தம்பி கொண்டுவந்த ஒரு பைனாகுலரும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். திட்டில் கிடந்ததற்கு மூக்கு நல்ல அகலம். திரும்பி வந்தவர் முகத்தில் அந்த வாரம் முழுக்க இல்லாத வெளிச்சம் இருந்தது. "இது முதலையே இல்ல. அலிகேட்டர். சாது. நாம சும்மா பேடிச்சோம்" என்றார்.

அவர் என்னைக் கூப்பிட்டு, புத்தகத்தை வீடு வீடாகக் கொண்டுபோக முடியாது, எழுத்தறியாத தாய்மாருக்குக் காட்ட அந்த அகல மூக்குத் தலையைத் துணியில் பெரிதாகத் தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். முடியுமாவா? என் கைவேலையை ஒரு பெரிய காரியத்துக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு நாளில் தைத்து முடித்தேன். ஆற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. புத்தகத்தைத்தான் பார்த்தேன். பல்லெல்லாம் படத்தில் பொடிப்பொடியாக இருந்ததால் விட்டுவிட்டேன். பல் இல்லாமல் பார்க்க இன்னும் சாதுவாக இருந்தது.

சயன்ஸ் டீச்சர் அப்போது ஊரில் இல்லை. தம்பி கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார். பெரிய சார் ஆற்றைக் கடத்திவிட ஓர் ஆளைப் பிடித்துத் தர, நான் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அக்கரை போனேன். அங்கே பனையோலைப் பெட்டி முடைகிற ஓர் அம்மா இருந்தார்கள். கணவர் பனையேறி. இரண்டு பெண்களும் எங்கள் பள்ளியில். மூத்தவள் மூன்றாம் பாரம், இளையவள் ஐந்தாம் வகுப்பு. அந்த அம்மா சம்மதித்தால் மற்ற வீடுகளும் சம்மதிக்கும் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் ஓலையைக் கீழே வைத்துவிட்டு, துணியை மடியில் விரித்து, வாயின் கோட்டில் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டினார்கள்.

"பல்லு ஒண்ணையும் காணல்லியே டீச்சரே?"

"உள்ள இருக்கும் அக்கா. வெளிய தெரியாது. இது சாது வகை."

"முதலையில இப்பிடி ரெண்டு வக உண்டுமா? எனக்க அப்பன் காலத்திலேயும் ஒண்ணு கெடந்துது. அது ஆட்டப் பிடிச்சுது, ஆளையும் பிடிச்சுது."

"அது வேற. இது வேற. புஸ்தகத்தில படம் போட்டிருக்கு."

"எனக்க மவளுவள நம்பி அனுப்பலாமா?"

"அனுப்புங்க. நான் சொல்லுதேன்லா."

இந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். திங்கட்கிழமை பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். பெரிய சார் எனக்குச் சபாஷ் சொன்னார். துணியை மூன்றாம் பாரத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டினோம்.

செவ்வாய்க்கிழமை சயன்ஸ் டீச்சர் லீவு முடிந்து வந்தார். குடையைக்கூட மடக்காமல் அந்தத் துணிக்கு முன்னால் நின்றுவிட்டார். என்னைக் கூப்பிட்டார்.

"இத எங்க பாத்துத் தச்சிய?"

"பெரிய சாருக்க புஸ்தகத்தில."

"ஆத்தில கெடக்கத பாக்கல்லியா?"

"இல்ல."

"அப்பம் இது புஸ்தகத்தில உள்ளதுக்க தலை. ஆத்தில உள்ளதுக்க தலை இல்ல."

நேரே பெரிய சாரிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன், எனக்காக வாதாட. அலிகேட்டர் அமெரிக்காவிலும் சீனாவிலும் மட்டுந்தான் உண்டு, நம் நாட்டு ஆற்றில் அது கிடையாது என்றார் சயன்ஸ் டீச்சர். கீரிப்பாறைப் பக்கம் மலைத்தோட்டத்தில் எந்த வெள்ளைக்காரத் துரையாவது கொண்டுவந்து வளர்த்திருப்பான், அது வெள்ளத்தில் ஒழுகி வந்திருக்கும் என்றார் பெரிய சார். துரைமார் நாய் வளர்ப்பதைத்தான் கண்டிருக்கிறேன் என்றார் டீச்சர். பெரிய சார் புத்தகத்தைத் திறந்து மூக்கைக் காட்டினார்.

"மூக்க வச்சுச் சொல்ல முடியாது சார். நம்ம நாட்டு முதலைக்கும் மூக்கு அகலந்தான். இந்தப் படத்தில உள்ள முதலை வேற நாட்டு முதலை. வாய மூடும்போ பல்லப் பாக்கணும். கீழ்த்தாடையில முன்னால இருந்து நாலாவது பல்லு பெருசா இருக்கும். முதலைக்கு அந்தப் பல்லு மேல்தாடைக்கு வெளிய ஏறி நிக்கும். அலிகேட்டருக்கு மேல்தாடையில ஒரு குழி உண்டு, பல்லு அதில போயி ஒளிஞ்சிரும். நான் காலேஜில முதலைக்க மண்டையோட்டக் கையில வச்சு நாலு நாளு வரஞ்சிருக்கேன்." பிறகு ஒரு மூச்சு விட்டுவிட்டு, "அலிகேட்டராவே இருந்தாலும் பிள்ளைகள எறக்கப்படாது சார். அத்தன பெரிய வாய் சும்மா திறக்கதுக்கு இல்ல" என்றார்.

பெரிய சார் மெல்லச் சொன்ன பதில் இன்றைக்கும் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. ஆபத்து என்று நாம் வாய் திறந்தால் அக்கரையில் ஒரு வீட்டிலும் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். பிள்ளைகளை ஏற்றிவர வள்ளம் கேட்டாலும் அதே கதைதான், ஏன் வள்ளம் என்று கேட்பார்கள். இந்த வருஷம் நின்றால் அந்தப் பிள்ளைகள் நின்றதுதான். "பல்ல நீங்க பாத்தியளா? பாத்துட்டு வாங்க. பொறவு பேசுவோம்" என்று பைனாகுலரை எடுத்துக் கொடுத்தார். வாயை அடைக்கத்தான் கொடுத்தார். சயன்ஸ் டீச்சர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து காலையிலும் சாயந்தரமும் சயன்ஸ் டீச்சர் கடவில் நின்றார். பிள்ளைகளைச் சேர்த்து நிறுத்தி, வெள்ளம் சலசலத்து ஓடுகிற ஆழமில்லாத இடமாகப் பார்த்து, இரண்டு பக்கமும் மூங்கில் கழியால் அடித்துச் சத்தம் போட்டபடி கூட்டிவந்தார். மத்தியானம் சோறு தின்கிற நேரத்தில் கயத்துக்கு இந்தப்பக்கம் இருந்த பாறையில் குடையை விரித்து உட்கார்ந்து பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொள்வார். நானும் கூடப் போனேன். அவர் சொன்னது தப்பு என்று நிரூபணமாவதைப் பார்க்கத்தான் போனேன், மறைப்பானேன். ஆனால் அந்த ஜந்து ஒத்துழைக்கவில்லை. வெயிலில் கிடக்கும்போது முதலைக்கு வாயைப் பிளந்து வைத்துக்கொள்ளும் பழக்கம். திறந்த வாயில் எல்லாப் பல்லும் தெரியும், எது உள்ளே போகும் எது வெளியே நிற்கும் என்று சொல்ல முடியாது. முதல் நாள் திறந்த வாய். இரண்டாம் நாள் திறந்த வாய். மூன்றாம் நாள் அது ஏறவே இல்லை. எனக்குத் தலைவலி வந்தது. "வாய மூடாமலா போயிரும்" என்று அவர் உட்கார்ந்திருந்தார். சோற்றுப் பொட்டலத்தைக்கூட அவிழ்க்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை மேகம் போட்டது. வெயில் மங்கியதும் அது மெல்ல வாயை மூடியது. சயன்ஸ் டீச்சர் பைனாகுலரை என்னிடம் நீட்டினார். "நான் சொல்லல்ல. நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார். நான் பார்த்தேன். மூக்கு அகலந்தான், நான் தைத்தது போலவே. ஆனால் மேல்தாடை ஒரு இடத்தில் உள்வாங்கியிருந்தது. அங்கே கீழிருந்து ஒரு பல் வெளியே ஏறி, மேல் உதட்டுக்கு வெளிப்பக்கமாக, வெள்ளையாக நின்றது. கூட இருந்த பல்லெல்லாம் அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டன. நான் கண்ணை எடுக்கவில்லை. அதனால்தான் அது நகர்ந்ததையும் பார்த்தேன். தலையைத் திருப்பாமல், சத்தமில்லாமல், திட்டிலிருந்து வெள்ளத்துக்குள் இறங்கியது.

பைனாகுலரைக் கீழே இறக்கினபோதுதான் ஆற்றைப் பார்த்தேன். ஓலை முடைகிற அம்மாவின் இளைய மகள் அக்கரையிலிருந்து தனியாக வந்துகொண்டிருந்தாள். காய்ச்சல் என்று காலையில் வராதவள், மத்தியான வகுப்புக்கு வருகிறாள். தலையில் பை. முழங்கால் வெள்ளத்தில், ஆற்றின் நடுவில், ஏதோ பாடிக்கொண்டு. நான் கூவினேனா என்று எனக்கு நினைவில்லை. சயன்ஸ் டீச்சர் பாறையிலிருந்து குதித்து, புடவையோடு ஆற்றில் இறங்கி, விரித்த குடையால் வெள்ளத்தை அடித்துக்கொண்டு ஓடினார். "ஏட்டி, நிக்காத, என்னப் பாத்து வா" என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளையைக் கக்கத்தில் இடுக்கிக் கரையில் கொண்டுவந்து நிறுத்தினபோது அவள் கோபமாக, பை நனைந்துவிட்டது என்று அழுதாள். வெள்ளத்துக்கு மேலே ஒன்றுமே தெரியவில்லை. அது பிள்ளையைப் பார்த்து இறங்கியதா, வெயில் போனதால் இறங்கியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பாறையிலேயே நின்றுகொண்டிருந்தேன். நான் சொல்லுதேன்லா என்று சொன்னவள் நான்.

பெரிய சார் எல்லாவற்றையும் கேட்டார். முகம் வெளுத்துப்போனது. சுவர்க் காலண்டரைப் பார்த்துவிட்டு, இன்ஸ்பெக்டர் அடுத்த வியாழக்கிழமை வருகிறார், அதுவரை பிள்ளைகளைக் கழியடித்துக் கூட்டிவருவோம், அதற்குப் பிறகு அக்கரையில் சொல்லலாம் என்றார். "ஆறு நாளுதானே டீச்சர். இப்பம் சொன்னா கிளாஸ் போவும். கிளாஸ் போனா உங்க வேலையும் போவும்."

சயன்ஸ் டீச்சரின் ஈரப் புடவையிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. "பிள்ளைக இருந்தாத்தான் சார் கிளாஸ். ஞாயித்துக்கிழம நான் அக்கரைக்குப் போறேன். கிளாஸும் போவாது, பாருங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தத் துணியையும் எடுத்துட்டு வாங்க. ஊசியும் வெள்ள நூலும் எடுங்க" என்றார். நான் போய்த் துணியை ஆணியிலிருந்து கழற்றினேன்.

அக்கரையில் முக்கால்வாசி அய்யாவழிக் குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் முங்கிக் குளித்துவிட்டு எல்லாரும் தங்கள் வழிபாட்டு இடமான நிழல்தாங்கலில் கூடுவார்கள். உச்சிப்படிப்பு என்கிற மத்தியான வழிபாடு முடிந்து, ஆண்கள் தலைப்பாகையோடும் நெற்றியில் வெள்ளை நாமத்தோடும் வெளியே வந்தபோது நாங்கள் இருவரும் வேப்பமரத்தடியில் நின்றோம். சயன்ஸ் டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. ஆற்றில் கிடப்பது முதலை, ஆளைப் பிடிக்கிற முதலை, பள்ளிக்கூடம் உங்களிடம் சொன்னது தப்பு என்று சொன்னார். ஒரு பெரியவர் கேட்டார்: "போன வாரம் சாதுன்னு ஒரு துணியக் கொண்டுவந்து காட்டினிய. இந்த வாரம் ஆளப் பிடிக்கும்னு சொல்லுதிய. அடுத்த வாரம் என்ன சொல்லுவிய?" சிலர் சிரித்தார்கள். ஓலை முடைகிற அம்மா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு, "இந்த டீச்சருதான் பல்லு இல்லேன்னு சொன்னாவ" என்றார்கள்.

பேச வேண்டியவள் நான்தான். நான் ஆற்றில் இருந்ததைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்துத் தைத்தேன், தப்பு என்னுடையது, வெள்ளிக்கிழமை பல்லை என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே சயன்ஸ் டீச்சர் துணியை வாங்கித் தரையில் விரித்துவிட்டார். உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்க முயன்றார். கோக்க வரவில்லை. மூன்று தடவை தவறியது. நான் கையை நீட்டினேன், தரவில்லை. ஓலை முடைகிற அம்மா நெருங்கி வந்து குனிந்து நின்றார்கள். கடைசியில் நூல் நுழைந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, என் அழகான பச்சைத் தாடையின் மேல், கீழிருந்து மேலாக, அந்தப் பல்லைத் தைத்தார். விரலில் குத்திக்கொண்டார், துடைத்துக்கொண்டார், தைத்தார். "இதுதான் அடையாளம். நாலாவது பல்லு. நாளைக்கு எவனாவது வந்து இது வேற வகன்னு சொன்னா வாய மூடின பொறவு இந்தப் பல்லப் பாருங்க. நாங்க சொன்னாலும் நம்பாம, நீங்களே பாருங்க" என்றார்.

பெரிய சார் பயந்தது அப்போது நடந்தது. முன்பு கேட்ட பெரியவர் தலைப்பாகையைச் சரிசெய்தபடி எழுந்தார். "செரி டீச்சரே, புரிஞ்சுது. பொம்பளப் பிள்ளையள நாளையிலேருந்து நிப்பாட்டிருவோம். தீந்துது சோலி." கூட்டத்தில் நிறையத் தலைகள் ஆடின. இதற்காகவே காத்திருந்த தலைகள் அவை என்று எனக்குத் தோன்றியது. மூன்றாம் பாரம் கண்ணுக்கு முன்னால் போவதைப் பார்த்தேன்.

சயன்ஸ் டீச்சர் துணியிலிருந்து எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டார். "நிப்பாட்டுங்க. பொறவு அந்தப் பிள்ளைக குளிக்க எங்க போவும்? தண்ணி கோர எங்க போவும்? இன்னைக்குக் காலத்த நீங்க எல்லாரும் எங்க முங்கிட்டு வந்திய? படிக்கப் போற பிள்ள யாரு, வீட்டில இருக்க பிள்ள யாருன்னு முதலைக்குத் தெரியுமா?"

அவர் விடவில்லை. பிள்ளைகளை நிறுத்தினால் முதலை நிற்காது; கடவில் வேலி வேண்டும், கடக்க வள்ளம் வேண்டும், இது பள்ளிக்கூடத்துக்காக அல்ல, உங்கள் எல்லாருக்குமாகத்தான் என்றார். கயிறு திரிக்கத் தேங்காய்த் தொண்டு ஏற்றுகிற வள்ளம் வைத்திருந்தவர் ஒருவர் பின்னால் நின்றிருந்தார்; அவர் மகளும் மூன்றாம் பாரந்தான். காலையிலும் சாயந்தரமும் நான் இறக்கிவிடுகிறேன் என்று அவர் சொன்னார். மூங்கில் வேலியை முதலை முறித்துவிடாதா என்று யாரோ இழுத்தார்கள். அப்போது ஓலை முடைகிற அம்மா பேசினார்கள். "அதுக்கு மட்டுந்தானா பல்லு? எங்க கருக்குமட்டைக்கும் பல்லு உண்டும். மூங்கிலுக்க எடையில கருக்குமட்டைய வச்சுக் கெட்டுங்க. உரசிப் பாக்கட்டும்." பிறகு மற்றவர்களைப் பார்க்காமல் சயன்ஸ் டீச்சரிடம் சொன்னார்கள்: "எனக்க மவளுவ ரெண்டும் வள்ளத்தில வரும்."

பனைமரம் உள்ள ஊரில் கருக்குமட்டைக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்கு ஒரு கட்டு என்று அன்று சாயந்தரமே வந்து குவிந்தது. இரம்பம் போன்ற அதன் விளிம்பில் கை கிழியாதவர் யாருமில்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளில், இரு கரையிலும் குளிக்கிற இடத்தைச் சுற்றி இடுப்பளவு வெள்ளத்தில் வேலி எழும்பியது. சயன்ஸ் டீச்சர் ஒவ்வொரு கட்டையும் இழுத்துப் பார்த்தார், தளர்ந்திருந்ததை அவிழ்த்துக் கட்டச் சொன்னார். வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தபோது மூன்றாம் பாரத்தில் பெஞ்சு நிறைந்திருந்தது. பெரிய சார் காலையில் கடவில் நின்று, வள்ளத்திலிருந்து பிள்ளைகளைக் கைபிடித்து இறக்கிவிட்டார். எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்காமல் பிள்ளைகளோடு பள்ளிக்கு நடந்தார். பங்குனியில், பிள்ளைகள் முன்பு நடந்து கடந்த அதே இடத்தில், வேலிக்கு வெளியே வெள்ளம் குடிக்க இறங்கிய ஒரு கிடாரியை முதலை காலைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோனது. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அது எந்த வகை என்று யாரும் கேட்கவில்லை.

வகுப்பு நிலைத்தது. சயன்ஸ் டீச்சர் நிலைக்கவில்லை. கோடை லீவோடு அவருடைய தற்காலிக வேலை முடிந்தது. நீட்டித்துத் தரச் சொல்லிப் பெரிய சார் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கும் வேலை பயந்தான். அந்தத் துணியைப் பற்றி எவ்வளவு வெட்கப்படுகிறேனோ அதே அளவுக்கு நான் கேட்காமல் இருந்ததற்கும் வெட்கப்படுகிறேன். அவர் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினபோது நானும் ஓலை முடைகிற அம்மாவும் போயிருந்தோம். அந்த அம்மா ஒரு ஓலைப் பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். சயன்ஸ் டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முடிச்சு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

பிறகு அவருக்கு ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது. வருஷா வருஷம் புரட்டாசியில் எனக்கு ஒரு கார்டு வரும். சுகமா என்றுகூட இருக்காது. "வேலி இருக்கா? ஐப்பசி வெள்ளத்துக்கு முன்னால் கழிகளை மாற்றச் சொல்லவும்." அவ்வளவுதான். நான் அக்கரைக்குப் போய்ச் சொல்லிவிட்டு, மாற்றியாயிற்று என்று பதில் எழுதுவேன். எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரப்போகின்றன என்று ஊரே கொண்டாட்டமாக இருந்த வருஷமும் கார்டு வந்தது. அதிலும் வேலிதான். முதலை அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஒரு வெள்ளத்தோடு போய்விட்டது என்று நான் ஏற்கெனவே எழுதியிருந்தேன். போனதை யார் பார்த்தார்கள் என்று கேட்டு எழுதியிருந்தார். யாரும் பார்க்கவில்லை. ஆகையால் அந்த வருஷமும் கழிகளை மாற்றினோம்.

இப்போது கடவுக்கு மேலே பாலம் இருக்கிறது. பிள்ளைகள் சைக்கிளில் கடக்கிறார்கள், கீழே ஆறு இருப்பதையே கவனிப்பதில்லை. கயம் மண் மூடிவிட்டது. போன மாசம் ஓலை முடைகிற அம்மாவின் இளைய மகள் என்னைப் பார்க்க வந்தாள். அவளும் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். அன்றைக்குப் பை நனைந்தது மட்டுந்தான் அவளுக்கு ஓர்மை இருக்கிறது. துணியை விரித்துக் காட்டினேன். அவள் தாய் செய்தது போலவே வாயின் கோட்டில் விரலை ஓட்டிக்கொண்டு வந்து, பல்லில் தட்டி நின்றாள். "இத மட்டும் ஏன் டீச்சர் இப்பிடி விட்டிருக்கிய? பிரிச்சிட்டு நல்லாத் தைக்கப்படாதா?" என்று கேட்டாள். நானும் அப்படி நினைத்து ஊசியைக் கையில் எடுத்தது உண்டு, ஒன்றிரண்டு தடவை. வைத்துவிட்டேன். அவளிடம் சொன்னேன்: இதில் அழகாக இருக்கிற தையல் எல்லாம் என்னுடையது, அதை நம்பித்தான் நீ ஆற்றில் இறங்கினாய். அந்தக் கோணல் பல்லைத் தைத்தவர்தான் உன்னைக் கரையேற்றினார்.